உண்ணி கடித்து இரண்டு மாதம் கழித்து ஆட்டுக்கறி ஒத்துக்கொள்ளவில்லை: அதன் எச்சிலில் அப்படி என்னதான் இருக்கிறது?

காராமணி (ராலே பக்கம், வட கரோலினா)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னக் காடு. சாயங்காலம் மான்கள் வந்து போகும். ஜூன் மாதம் வேலியோரம் புல் வெட்டிவிட்டு உள்ளே வந்தபோது இரண்டு கணுக்காலிலும் மிளகுத்தூள் தூவினது போல் புள்ளிகள். தட்டினால் விழவில்லை. உற்றுப் பார்த்தால் அத்தனையும் உண்ணிக் குஞ்சுகள். மனைவி டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்தார். கடித்த இடமெல்லாம் மூன்று வாரத்துக்கு மேல் அரித்தது. அப்புறம் அடங்கிவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நண்பர் வீட்டில் ஆட்டுக்கறி பிரியாணி. எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து படுத்தவன் பன்னிரண்டரைக்கு உள்ளங்கை அரிப்பில் விழித்தேன். கொஞ்ச நேரத்தில் அக்குள், தொடை, வயிறு எங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. ஊரில் அம்மா இதைக் காணாக்கடி என்பார். வயிற்றைப் பிசைந்தது. குளியலறைக்குப் போய் நின்றதும் கண் இருட்டி விழுந்துவிட்டேன். ஆம்புலன்சில் வைத்தே கடும் அலர்ஜிக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசி போட்டார்கள். மருத்துவமனையில் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். நாலரை மணி நேரத்துக்கு முன்னால் பிரியாணி என்றேன். சாப்பாட்டு அலர்ஜி என்றால் அரைமணிக்குள் காட்டியிருக்கும், இது வேறு ஏதோ என்று சொல்லி விடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து வீட்டில் நல்லி எலும்பு சூப். மறுபடி நடுராத்திரி, மறுபடி அதே தடிப்பு. இடையில் கோழி, மீன், இறால் எல்லாம் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை போனபோது ஒரு நர்ஸ் மட்டும், "இந்தக் கோடையில் உண்ணி கடித்ததா?" என்று கேட்டார். அவர் கேட்டதால்தான் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம்.

கடித்தது ஜூனில், காலில். வந்தது ஆகஸ்டில், சாப்பாட்டில். நாற்பது வருடமாகச் சாப்பிட்டுப் பழகிய கறியை ஒரு பூச்சியின் எச்சில் எப்படி உடம்புக்கு எதிரியாக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையில் பயமாக இருக்கிறது.

உப்புக்காற்று (சென்னை)

அண்ணா, முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கென்னவோ கறி பழசாக இருந்திருக்கும், இல்லை என்றால் முந்திரியோ மசாலா நிறமியோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. உண்ணி கடித்தால் கறி அலர்ஜி வரும் என்பது வாட்ஸாப்பில் சுற்றும் கதை மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் உண்ணி கடிக்காத ஆள் கிடையாது.

நுண்ணோக்கி (பாஸ்டன்)

நான் நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சிகிச்சை தரும் டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். காராமணி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த நர்ஸுக்கு மனதில் கும்பிடு போட்டேன். அவர் கேட்டது சரியான கேள்வி. இதற்கு ஆல்பா-கேல் ஒவ்வாமை என்று பெயர். வாட்ஸாப் கதை இல்லை, உப்புக்காற்று. இது தெரியவந்த விதத்தைச் சொன்னால் நீங்களே நம்புவீர்கள்.

2000களின் நடுவில் செடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்து புழக்கத்துக்கு வந்தது. பெருங்குடல் புற்று, தலை-கழுத்துப் புற்று இரண்டுக்கும் கொடுப்பார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் சிக்கல் இல்லை. ஆனால் டென்னசி, வட கரோலினா இரண்டிலும் முதல் டோஸ் ஏறும்போதே நோயாளிகளுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. அங்கே எடுத்த கணக்கில் 22 சதவீதம் பேருக்கு. ஒரே மருந்து, ஊருக்கு ஊர் இப்படி மாறுமா? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர், மருந்து ஏற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒவ்வாமை வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மருந்துக்கு எதிரான ஐஜிஇ, அதாவது அலர்ஜியைத் தூண்டும் வகை எதிர்ப்பான், முன்னதாகவே இருந்தது. ஒரு தடவைகூட அந்த மருந்தைக் காணாத உடம்பில்! அந்த ஐஜிஇ பிடித்தது மருந்தின் புரதத்தை அல்ல, அதன்மேல் ஒட்டியிருந்த ஒரு சர்க்கரையை. மருந்தை எலியின் செல்லில் வளர்த்ததால் வந்த சர்க்கரை அது. அதன் பெயர்தான் ஆல்பா-கேல். 2008இல் இதை வெளியிட்டார்கள்.

ஆடு, மாடு, பன்றி, மான், முயல் எல்லாவற்றின் உடம்பிலும் இந்தச் சர்க்கரை உண்டு. நமக்குக் கிடையாது. வாலில்லாக் குரங்குகளுக்கும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் கிடையாது. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே நம் பொது மூதாதையரிடம் அதைச் செய்யும் மரபணு செயலற்றுப் போனது. கோழியிலும் மீனிலும் கிடையாது, அதனால்தான் உங்களுக்கு அவை ஒத்துக்கொண்டன.

ஒவ்வாமை வந்த மாநிலங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சல் என்ற உண்ணி நோய் பரவியிருக்கும் பகுதியோடு அது பொருந்தியது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்க முடியாத பகுதி. 2007 ஆகஸ்டில் பிளாட்ஸ்-மில்ஸ் மலை நடை போனபோது அவரையே நூற்றுக்கணக்கான உண்ணிக் குஞ்சுகள் மொய்த்துவிட்டன. உங்களைப் போலவே கால் முழுக்க. தன் ரத்தத்தைத் தானே சோதித்துக்கொண்டு வந்தார், ஆல்பா-கேல் ஐஜிஇ ஏறிக்கொண்டே போனது. நவம்பரில் லண்டனில் ஆட்டுக்குட்டிக் கறி சாப்பிட்டார். ஆறு மணி நேரம் கழித்து நடுராத்திரியில் உடம்பெல்லாம் தடிப்போடு விழித்தார்.

அந்தப் பக்கத்தில் குற்றவாளி ஒற்றை நட்சத்திர உண்ணி. பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதன் குஞ்சுகள் கூட்டமாகப் புல்நுனியில் காத்திருந்து ஒட்டும். இன்னொன்று, உண்ணி பூச்சி இனம் இல்லை, சிலந்தி, தேள் வகையறா. குஞ்சுக்கு ஆறு கால், வளர்ந்ததற்கு எட்டு.

காராமணி

படிக்கப் படிக்க உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் ஏன் நாலு மணி நேரத் தாமதம்? அதனால்தானே என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நுண்ணோக்கி

நிலக்கடலை, இறால் அலர்ஜியில் உடம்பு பிடிப்பது புரதத்தை. அது வேகமாக ரத்தத்துக்குப் போகும். ஆல்பா-கேல் கொழுப்போடு சேர்ந்தும் இருக்கிறது. கொழுப்பு செரிந்து, குடலில் சின்னச் சின்னக் கொழுப்பு உருண்டைகளாகக் கட்டப்பட்டு, நிணநீர்ப் பாதை வழியாகச் சுற்றி ரத்தத்துக்கு வர மணிக்கணக்கில் ஆகும். இரண்டு முதல் ஆறு மணி நேரத் தாமதத்துக்கு இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான். நெய் ஊற்றிய கொழுப்புக்கறி பிரியாணியும் நல்லி மஜ்ஜையும் உங்களை வீழ்த்தியதில் ஆச்சரியம் இல்லை. சிறுநீரகத்தில் ஆல்பா-கேல் மிக அதிகம், அதைச் சாப்பிட்டவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும்.

மாலை எட்டு மணிச் சாப்பாட்டையும் நடுராத்திரித் தடிப்பையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி 2010 முதல் 2022 வரை 1,10,000க்கு மேற்பட்ட சந்தேகத்துக்குரிய நோயாளிகள் சோதனையில் தெரியவந்தார்கள். சோதிக்காதவர்களையும் சேர்த்தால் 4,50,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதே சமயத்தில் மருத்துவத் துறையினரிடம் கேட்டபோது 42 சதவீதம் பேர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. உங்களை வீட்டுக்கு அனுப்பியவர் மேல் கோபப்படாதீர்கள், ஆனால் திரும்பப் போகும்போது அவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவருக்கு உதவும்.

வளவுக்காரன் (சிட்னி)

யாழ்ப்பாணத்தில் பிறந்து இருபத்திரண்டு வருடமாகச் சிட்னியின் வடக்குக் கரையோரத்தில் இருக்கிறேன். எங்கள் வளவுக்குள் பாண்டிக்கூட் என்ற சின்ன விலங்கு இரவிரவாக மண்ணைக் கிண்டும். அதிலிருந்துதான் உண்ணி வரும். இங்கே இருப்பது பக்கவாத உண்ணி. நாய், பூனையைக் கடித்து நாள்கணக்கில் இருந்தால் அவற்றுக்குக் கால் இழுத்து, மூச்சு நின்று போகும், அதன் எச்சிலில் நரம்பைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது.

இறைச்சி அலர்ஜிக்கும் உண்ணிக்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து டாக்டர் ஷெரில் வான் நியூனன். தன்னிடம் இறைச்சி அலர்ஜி என்று வந்தவர்களிடம் எல்லாம் உண்ணிக் கதை இருப்பதைக் கவனித்து 2007இல் சொன்னார், 2009இல் 25 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரையாக எழுதினார்.

ஆனால் எனக்கு வந்தது வேறு மாதிரி. ஒரு பின்னேரம் கழுத்தில் ஏதோ தட்டுப்பட்டது, நகத்தால் கிள்ளி இழுத்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் தொண்டை அடைத்தது. நான் அன்று இறைச்சி தொடவில்லை. இப்போதும் ஆட்டிறைச்சி சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் வராது. தம்பி நுண்ணோக்கி, இது எந்த வகை?

நுண்ணோக்கி

அண்ணை, நல்ல கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

உங்களுக்கு வந்தது எச்சிலில் உள்ள புரதங்களுக்கே நேரடியான ஒவ்வாமை. முன்பு கடித்த உண்ணிகளால் உடம்பு அந்தப் புரதங்களை அடையாளம் வைத்துக்கொண்டது. கிள்ளியபோது உண்ணியின் வயிற்றை அழுத்தி எச்சிலை ஊசி போட்டது போல் உள்ளே ஏற்றிவிட்டீர்கள். காராமணி அண்ணாவுக்கு வந்தது எச்சிலில் இருந்த சர்க்கரைக்கு எதிரானது, அதே சர்க்கரை கறியில் இருப்பதால் சாப்பாட்டில் வெளிப்பட்டது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

புரத ஒவ்வாமைக்கு நன்கு ஆராய்ந்த உதாரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. பழைய கட்டிடங்களின் பரணில் புறா கூடு கட்டும். புறா போன பிறகு பசித்த புறா உண்ணிகள் கீழே வீட்டுக்குள் இறங்கித் தூங்குகிறவர்களைக் கடிக்கும். நடுராத்திரியில் காரணம் தெரியாமல் மூச்சுத் திணறி எழுந்தவர்களைச் சோதித்தபோது ஆர்க் ஆர் 1 என்ற எச்சில் புரதம் பிடிபட்டது. அது லிப்போகேலின் என்ற குடும்பம். நாய், மாடு, குதிரை அலர்ஜி தரும் புரதங்களில் பலவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

உண்ணிக்கு அந்த லிப்போகேலின் எதற்கு என்று கேட்டால் விஷயம் விரிகிறது. கொசு கடித்து ஒரு நிமிடத்தில் பறந்துவிடும். உண்ணி அப்படி இல்லை. வாயைச் செருகி, சுற்றிலும் சிமெண்ட் போல் ஒரு பசையைக் கக்கி, மூன்று நாள் முதல் பத்து நாள் வரை அதே இடத்தில் இருக்கும். கொஞ்சம் ரத்தம் உறிஞ்சும், ரத்தத்தில் வேண்டாத தண்ணீரை எச்சிலாகத் திருப்பி நமக்குள்ளேயே விடும், மறுபடி உறிஞ்சும். இத்தனை நாளும் நாம் அதைக் கவனிக்கவே கூடாது. அரித்தால் சொறிவோம், சொறிந்தால் அது தொலைந்தது. அதனால் அதன் எச்சில் முழுக்க நம் எதிர்ப்பாற்றலை ஏமாற்றும் புரதங்கள்.

அரிப்பு வரக் காரணம் ஹிஸ்டமின். ஆப்பிரிக்கப் பழுப்புக் காது உண்ணியின் எச்சிலில் ஹிஸ்டமினைப் பிடித்து உள்ளே பூட்டிவிடும் புரதம் இருப்பதை 1999இல் காட்டினார்கள். அதுவும் லிப்போகேலின்தான். கடித்த இடத்துக்கு வெள்ளை அணுக்களைக் கூப்பிடும் கீமோகைன்களை மடக்க எவேசின் என்ற புரதங்கள். முதலில் கண்டது நாய் உண்ணியில், நம் தெருநாய்க் காதுகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குமே அந்தப் பழுப்பு உண்ணியில். ஒரு எவேசின் ஒரு வகைக் கீமோகைனை, இன்னொன்று இன்னொரு வகையை என்று பங்கு பிரித்துக்கொண்டு வேலை செய்கின்றன. ரத்தம் உறையாமல் வைக்க ஒரு தொகுதி. காம்ப்ளிமென்ட் என்ற முதல்நிலைப் பாதுகாப்பை நிறுத்த ஒரு தொகுதி. மான் உண்ணியின் சால்ப்15 என்ற புரதம், எதிர்ப்பை வழிநடத்தும் டி செல்லின் மேலுள்ள சிடி4 என்ற புரதத்தில் ஒட்டி அந்தச் செல்லை எழும்பவிடாமல் வைக்கிறது. மான் உண்ணி பரப்பும் லைம் நோயின் கிருமி அதே சால்ப்15ஐத் தன் மேல் போர்த்திக்கொண்டு நம் எதிர்ப்பான்களிடமிருந்து தப்பி உள்ளே நுழைகிறது. எச்சில் திறந்து வைத்த கதவு வழியாகக் கிருமி வருகிறது என்பது உவமை இல்லை, அப்படியேதான் நடக்கிறது.

ஆனால் இத்தனை ஏமாற்று வேலைக்குப் பிறகும் நம் உடம்பு சும்மா இருப்பதில்லை. திரும்பத் திரும்பக் கடிபட்டால் அந்தப் புரதங்களைக் கற்றுக்கொள்கிறது. அண்ணையின் தொண்டை அடைத்ததும் காராமணி அண்ணாவின் மூன்று வார அரிப்பும் அந்தக் கல்வியின் விளைவுகள்.

கொட்டில் (காங்கேயம்)

கால்நடை மருத்துவனாக முப்பது வருடம் வேலை பார்த்தவன். நுண்ணோக்கி சொன்ன "கற்றுக்கொள்ளும் உடம்பு" விஷயத்தை நாங்கள் தொழுவத்தில் தினமும் பார்க்கிறோம். ஒரே கொட்டிலில் காங்கேயம் மாடும் ஜெர்சிக் கலப்பும் கட்டியிருக்கும். கலப்பு மாட்டின் மடியிலும் வாலடியிலும் உண்ணி கொத்தாக இருக்கும், காங்கேயத்தின் மேல் எண்ணிவிடலாம். திமில் உள்ள நம் நாட்டு இனங்களுக்கு உண்ணியைத் தாங்கும் திறன் ஐரோப்பிய இனங்களைவிட அதிகம் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. கன்றாக இருக்கும்போது நாலைந்து தடவை உண்ணி ஏறிய பிறகுதான் அந்தத் திறன் வலுக்கிறது. உண்ணி ஒட்டிய இடம் சிவந்து அரிக்கும், மாடு நக்கித் தள்ளிவிடும். தோல் தடிமனால் மட்டும் வருவது இல்லை இது.

அறிவியலில் இதைப் பழைய காலத்திலேயே காட்டிவிட்டார்கள். 1939இல் வில்லியம் டிரேகர் கினிப் பன்றிகள் மேல் உண்ணிக் குஞ்சுகளை விட்டார். முதல் தடவை வயிறு முட்டக் குடித்தன. அதே கினிப் பன்றி மேல் அடுத்தடுத்த தடவை விட்ட குஞ்சுகளால் ஒழுங்காகக் குடிக்க முடியவில்லை. பல குஞ்சுகள் செத்தே போயின.

ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கம் உண்ணி ஒட்டினால் மண்ணெண்ணெய் தொடுவது, சுண்ணாம்பு வைப்பது, பீடி நெருப்பைக் காட்டுவது எல்லாம் வழக்கம். தயவுசெய்து மனிதருக்குச் செய்யாதீர்கள். எரிச்சல் பட்டால் அது எச்சிலையும் வயிற்றில் உள்ளதையும் இன்னும் கக்கும்.

வளவுக்காரன்

இங்கே எங்களுக்குச் சொல்லித் தந்தது அதைத்தான். எனக்கு அலர்ஜி இருப்பதால் சாமணமும் போடக் கூடாது. உறைய வைக்கும் ஸ்பிரே அடித்து, ஒட்டிய இடத்திலேயே சாகவிட்டு, தானாக விழும்வரை விட வேண்டும். ஊசி பக்கத்தில் இருக்க வேண்டும்.

நுண்ணோக்கி

ஆம், அது அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் கொடுக்கும் அறிவுரை. அமெரிக்காவில் பொதுவாகச் சொல்வது நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிய இடத்தில், அதாவது வயிற்றைத் தொடாமல் தலைப்பக்கம் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுப்பது. சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பது முக்கியம். லைம் கிருமி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் ஏறும்.

குறிஞ்சிமலர் (நீலகிரி)

நான் செவிலியர். இந்த இழையை நம் ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டுச் செய்திகளில் "உண்ணிக் காய்ச்சல்" என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது இங்கே பேசும் உண்ணி இல்லை, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் வகையின் குஞ்சு. புதர்க்காட்டில் ஒட்டும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கும், அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில். காய்ச்சலோடு அந்தப் பொருக்கைப் பார்த்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் கேட்கும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

உண்மையான உண்ணி பரப்புவது எங்கள் மலைக்குப் பக்கத்தில் குரங்குக் காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டதால் கியாசனூர் காட்டு நோய் என்று பெயர். காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் அருகில் போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதன் மேலிருந்த உண்ணிகள் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்.

வெண்பொங்கல் (அட்லாண்டா)

நாங்கள் பரம்பரைச் சைவம். அப்படியென்றால் இந்த ஆல்பா-கேல் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? என் கணவர் வாரம் தவறாமல் மலை ஏறுகிறார், உண்ணியோடுதான் திரும்புகிறார்.

நுண்ணோக்கி

கறி சாப்பிடாததால் நடுராத்திரித் தடிப்பு வரும் வாய்ப்பு மிகவும் குறைவு, அக்கா. ஆனால் ஐஜிஇ அவர் ரத்தத்தில் இருக்கலாம். அது மூன்று இடங்களில் வெளிப்படும். ஒன்று, பால், நெய், பாலாடைக்கட்டி. ஆல்பா-கேல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பால் ஒத்துக்கொள்ளும், ஆனால் சிலருக்கு ஆகாது. இரண்டாவது ஜெலட்டின். மாத்திரைக் கேப்சூல், ஜெல்லி மிட்டாய், சில தடுப்பூசிகள். மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: மருத்துவமனை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. இதய வால்வு பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வரும். செடுக்ஸிமாப் கதையை மேலே சொன்னேன். சைவமாக வாழ்ந்தவருக்குத் தனக்கு இது இருப்பதே தெரியாமல் அறுவை சிகிச்சை மேசையில் முதல் தடவையாகத் தெரியவரக்கூடும். அவருக்குக் காரணம் தெரியாத தடிப்பு ஏதும் வந்திருந்தால் சோதித்துவிடுவது நல்லது. சும்மா எல்லோரும் சோதிக்கத் தேவையில்லை. காட்டு வேலை செய்கிறவர்களில் ஐஜிஇ இருந்தும் கறி சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு செய்தி. பி ரத்த வகையின் சர்க்கரை ஆல்பா-கேலின் அமைப்புக்கு மிக நெருக்கம். அதனால் பி, ஏபி வகையினரின் உடம்பு அதை ஓரளவு தன்னுடையதாகவே எடுத்துக்கொள்கிறது, அவர்களுக்கு இந்த ஒவ்வாமை குறைவாக வருகிறது என்று ஸ்வீடன் ஆய்வு உட்படச் சில ஆய்வுகள் காட்டின. நம் மக்களில் பி வகை கணிசம். அதற்காகக் காட்டில் கவனமில்லாமல் நடக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

உப்புக்காற்று

என் முதல் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காராமணி அண்ணா. தெரியாமல் சொல்லிவிட்டேன். இப்போது ஒரு சந்தேகம். ஆல்பா-கேலுக்கு எதிர்ப்பான் எல்லா மனிதருக்கும் இருக்கிறது என்று எங்கோ படித்தேன். அப்புறம் ஏன் எல்லோருக்கும் அலர்ஜி வரவில்லை? அடுத்தது, உண்ணி எச்சிலை வைத்தே தடுப்பூசி போட்டால் என்ன?

நுண்ணோக்கி

திரும்பப் பெறவேண்டியதே இல்லை, நீங்கள் கேட்டதால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது.

முதல் கேள்வி. நம் குடல் பாக்டீரியாக்கள் சிலவற்றில் இதே மாதிரிச் சர்க்கரை இருக்கிறது. அதனால் பிறந்த கொஞ்ச காலத்திலேயே அதற்கு எதிராக ஐஜிஎம், ஐஜிஜி வகை எதிர்ப்பான்கள் நமக்கு உருவாகிவிடும். ரத்தத்தில் ஓடும் ஐஜிஜியில் சுமார் ஒரு சதவீதம் இதற்கானது என்று 1980களில் யூரி கலிலி காட்டினார். அவற்றால் தொல்லை இல்லை. உண்ணி செய்யும் மாற்றம் என்னவென்றால், அதே சர்க்கரைக்கு ஐஜிஇ வகையை உருவாக்க வைப்பது. ஐஜிஇ, ஹிஸ்டமினைச் சேர்த்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்லின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், சர்க்கரை வந்து தொட்டதும் ஹிஸ்டமின் மொத்தமாகக் கொட்டும். தோல் வழியாக, அதுவும் நாள்கணக்கில், எதிர்ப்பாற்றலின் போக்கையே திருப்பிவிடும் எச்சிலோடு சேர்ந்து ஒரு பொருள் உள்ளே போனால் உடம்பு அதைப் புழுவையும் ஒட்டுண்ணியையும் எதிர்க்கும் வழியில் எதிர்க்கத் தொடங்குகிறது. அந்த வழியின் ஆயுதம் ஐஜிஇ.

இரண்டாவது கேள்விதான் என் மனதுக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டுக்கு அப்பால் பிளாக் ஐலண்ட் என்ற சின்னத் தீவு. லைம் நோய் அதிகம். அங்குள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2005இல் ஒரு கட்டுரை வந்தது. உண்ணி கடித்து அரிப்பு வந்ததாகத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களுக்கு லைம் நோய் குறைவாக இருந்தது. அரிப்பு உண்ணியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, கிருமி ஏறுவதற்குள் எடுத்துவிடுகிறார்கள்.

அதே யோசனைதான் யேல் பல்கலைக்கழகத்தில் எரோல் ஃபிக்ரிக் குழு 2021இல் செய்த தடுப்பூசி. மான் உண்ணியின் 19 எச்சில் புரதங்களுக்கான எம்ஆர்என்ஏவைக் கினிப் பன்றிகளுக்குப் போட்டார்கள். கொரோனா தடுப்பூசியில் வந்த அதே தொழில்நுட்பம். அப்புறம் உண்ணியை விட்டபோது கடித்த இடம் சீக்கிரமே சிவந்தது, உண்ணிகள் சரியாகக் குடிக்காமல் முன்னதாகவே கழன்றன. சிவந்ததும் உண்ணியை எடுத்துவிட்ட கினிப் பன்றிகளுக்கு லைம் தொற்றவே இல்லை. கிருமியைத் தொடாமல், அதைச் சுமந்து வரும் வாயை மட்டும் எதிர்த்துப் பெற்ற பாதுகாப்பு. எலியில் இது வேலை செய்யவில்லை. உண்ணி இயற்கையாகவே ஒட்டி ரத்தம் குடிக்கும் விலங்கு எலி, எத்தனை தடவை கடித்தாலும் அதற்கு இந்த எதிர்ப்பு வருவதில்லை.

தடுப்பூசியே அலர்ஜி தராதா என்று கேட்பீர்கள். ஆல்பா-கேலைப் பொறுத்தவரை ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. எம்ஆர்என்ஏ போட்டால் புரதம் நம் செல்லிலேயே தயாராகிறது. நம் செல்லுக்கு ஆல்பா-கேல் ஒட்டத் தெரியாது. அந்தச் சர்க்கரை இல்லாமல் புரதம் மட்டும் கிடைக்கும். ஆனால் வளவுக்கார அண்ணைக்கு வந்தது போன்ற புரத ஒவ்வாமையை மனிதரில் வரவிடாமல், அரிப்பு அளவில் மட்டும் நிறுத்துவது எப்படி என்பதைக் காட்டிய பிறகுதான் எதுவும் மனிதருக்கு வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொட்டில்

மாட்டுக்கு உண்ணித் தடுப்பூசி 1990களிலேயே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் டிக்கார்டு, கியூபாவில் கவாக். ஆனால் அது எச்சில் புரதம் இல்லை, உண்ணியின் குடல் சுவரில் உள்ள பிஎம்86. உண்ணி குடிக்கும் ரத்தத்தோடு மாட்டின் எதிர்ப்பான் உள்ளே போய் அதன் குடலையே சிதைக்கும். நன்றாக வேலை செய்தது. ஒரு குறை, கடிக்கும்போது மாடு அந்தக் குடல் புரதத்தைப் பார்ப்பதே இல்லை, அதனால் எதிர்ப்பு தேய்ந்துபோகும், திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். எச்சில் புரதம் என்றால் ஒவ்வொரு கடியும் ஒரு பூஸ்டர். யேல் குழு எச்சிலைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது.

காராமணி

ரத்த முடிவு வந்துவிட்டது. ஆல்பா-கேல் ஐஜிஇ 0.1க்கு மேல் இருந்தாலே பாசிட்டிவ் என்று தாளில் போட்டிருக்கிறது. எனக்கு 14.

அலர்ஜி டாக்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். ஆடு, மாடு, பன்றி முழுக்க நிறுத்தம். பால், நெய் இப்போதைக்குத் தொடரலாம், தடிப்பு வந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இரண்டு எபிநெஃப்ரின் ஊசி எப்போதும் கையில். புதிதாக உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டால் சிலருக்குச் சில வருடங்களில் அளவு இறங்குகிறதாம், கடித்தால் மறுபடி ஏறிவிடுமாம். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை. ஜெலட்டின் கேப்சூலைப் பற்றி நான் கேட்டதும், "இது எங்கே தெரிந்துகொண்டீர்கள்?" என்றார். இந்த இழையைத்தான் சொன்னேன்.

முதல் தடவை என்னைப் பார்த்த மருத்துவமனைக்கும் முடிவின் நகலை அனுப்பிவிட்டேன், நுண்ணோக்கி தம்பி சொன்னபடி.

வீட்டில் புல் வெட்டும் உடுப்புக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்துக் காயவைத்தாயிற்று. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் இறங்குகிறேன். வந்ததும் குளியல், குளித்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் என்று பார்வை. நேற்று மகளின் முட்டிக்குப் பின்னால் ஒன்று இருந்தது, முதுகில் வெள்ளைப் புள்ளியோடு. சாமணத்தால் தலைப்பக்கம் பிடித்து நேராக இழுத்தேன், முழுசாக வந்துவிட்டது. ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மேலே தேதியையும் கடித்த இடத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.